சேப்பாக்கத்தில் படிக்க வருகிறீர்களா? முதலில் நடந்து பாருங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, பெட்டியோடு வந்து இறங்கப்போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவன். முதல் மூன்று மாதம் வகுப்பு, அறை, மறுபடி வகுப்பு என்றே கழிந்தது. ஊர் பார்ப்பதென்றால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி எங்காவது தூரமாகப் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். பாரதியார் கடைசியாகக் குடியிருந்த வீடு என் அறையிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தது. அது எனக்குத் தெரிந்ததே நான்காவது மாதத்தில்தான். நீங்கள் அப்படி மூன்று மாதத்தை இழக்க வேண்டாம்.

முதலில் எந்த வளாகம் என்று பாருங்கள்

பல்கலைக்கழகம் ஒரே இடத்தில் இல்லை. சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி, மதுரவாயல், சேத்துப்பட்டு என்று ஆறு வளாகங்கள் உண்டு. வரலாறு, பொருளியல் மாதிரியான துறைகளுக்குச் சேப்பாக்கம். தமிழ் உள்ளிட்ட மொழித் துறைகளுக்கு மெரினா வளாகம். அறிவியல் துறைகளில் பல கிண்டியில் இருக்கின்றன. சேர்க்கைக் கடிதத்தில் வளாகத்தின் பெயரைப் பார்த்த பிறகுதான் அறை தேட வேண்டும். கிண்டியில் வகுப்பை வைத்துக்கொண்டு திருவல்லிக்கேணியில் அறை எடுத்துவிட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். சேப்பாக்கமும் மெரினாவும் ஒரே கடற்கரைச் சாலையில் நடந்து போகும் தூரத்தில் இருப்பதால், இங்கே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும்.

வந்து சேரும் வழி

சென்ட்ரலில் இறங்கினால் சாலையைக் கடந்து பார்க் டவுன் பறக்கும் ரயில் நிலையத்துக்கு வாருங்கள். வேளச்சேரி போகும் வண்டியில் சிந்தாதிரிப்பேட்டைக்கு அடுத்தது சேப்பாக்கம். எழும்பூரில் இறங்கினால் கடற்கரை பக்கம் போகும் மின்சார ரயிலில் ஒரு நிலையம் வந்து பூங்கா நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பார்க் டவுனுக்கு நடந்துவிடலாம். தென் மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்திலேயே நின்றுவிடும். அங்கிருந்து வண்டலூர் ரயில் நிலையத்துக்கு வந்து மின்சார ரயிலைப் பிடித்துப் பூங்காவில் இறங்கினால், அதன் பிறகு மேலே சொன்ன வழிதான். விமான நிலையத்திலிருந்து வருபவர்கள் மெட்ரோவில் நேராக அரசினர் தோட்டம் நிலையம் வரைக்கும் வரலாம். அங்கிருந்து வாலாஜா சாலையில் கிழக்கே இருபது நிமிட நடை. பெட்டி கனமாக இருந்தால் ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

பறக்கும் ரயிலில் கட்டணம் மிகவும் குறைவு. ஆனால் நிலையங்கள் பெரிய கட்டடங்கள், இரவில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். எட்டு மணிக்கு மேல் தனியாக அந்த மாடிப்படிகளில் ஏறி இறங்குவதைத் தவிர்த்துவிடுங்கள், பஸ்ஸே மேல். வளாகத்துக்கு எதிரே கடற்கரைப் பக்கம் அண்ணா சதுக்கம் பேருந்து நிலையம் இருக்கிறது, நகரத்தின் பல பகுதிகளுக்கும் அங்கிருந்து வண்டிகள் புறப்படுகின்றன. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

திசை பிடிபடட்டும்

சாமான்களை வைத்துவிட்டு, முதல் நாள் மாலையே இதைச் செய்யுங்கள். வளாக வாசலில் கடலைப் பார்த்து நில்லுங்கள். அது கிழக்கு. முன்னால் வடக்கு தெற்காக ஓடுவது காமராஜர் சாலை. முதுகுக்குப் பின்னால், அதற்கு ஏறக்குறைய இணையாக பக்கிங்ஹாம் கால்வாய் போகிறது. பறக்கும் ரயில் தூண்கள் அந்தக் கால்வாயோடுதான் போகின்றன. தூண்களைக் கண்டால் கால்வாய், கால்வாயைத் தாண்டினால் திருவல்லிக்கேணி. வாலாஜா சாலை மேற்கே அண்ணா சாலைக்குக் கொண்டுபோகும். தெற்கே, கண்ணகி சிலை அருகே பிரியும் பாரதி சாலை திருவல்லிக்கேணியைக் குறுக்கே கடந்து ராயப்பேட்டைக்குப் போகும். பழைய ஆட்கள் இன்னும் அதைப் பைகிராப்ட்ஸ் ரோடு என்பார்கள். இந்த மூன்று சாலைகளும் ஒரு கால்வாயும் மனதில் பதிந்துவிட்டால் போன் இல்லாமலே வீடு வந்து சேரலாம்.

அப்புறம், காமராஜர் சாலையில் தெற்கே ஒரு நடை. இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பல்கலைக்கழகம் தொடங்கிய ஆண்டு 1857. நீங்கள் பார்க்கும் செனட் ஹவுஸ் 1870களில் ராபர்ட் சிஸம் கட்டியது. அடுத்து வருவது சேப்பாக்கம் அரண்மனை. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768இல் எழும்பிய கட்டடம் அது. இப்போது அரசு அலுவலகங்களுக்குப் பின்னால் மறைந்து நிற்பதால் பலர் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். 2012 தீ விபத்தில் அதன் கலச மஹால் எரிந்து, பிறகு பழைய முறைப்படியே சீரமைத்தார்கள். சிஸம் இந்த அரண்மனைக்குப் பொருந்தும்படிதான் செனட் ஹவுஸின் கோபுரங்களையும் குவிமாடங்களையும் வரைந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அது புரியும்.

அந்த அலுவலகங்கள் இருக்கும் எழிலகத்தைத் தாண்டினால் மாநிலக் கல்லூரி. சர் சி. வி. ராமனும் சுப்பிரமணியன் சந்திரசேகரும் படித்த கல்லூரி. எனக்கோ, அங்கே கடலைப் பார்த்து நிற்கும் உ. வே. சாமிநாதையர் சிலைதான் முதலில் நினைவுக்கு வரும். அவர் 1903 முதல் 1919 வரை இந்தக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். திருவல்லிக்கேணிப் பிள்ளையார் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த ‘தியாகராஜ விலாசம்’ 2012இல் இடிக்கப்பட்டது. ஒரு ஓலைச்சுவடிக்காக ஊர் ஊராக நடந்தவரின் வீட்டை நம்மால் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் தெருவில் போகும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

சாலையின் மறுபுறம் சிலைகள். தேவி பிரசாத் ராய் சவுத்ரியின் உழைப்பாளர் சிலை 1959இலிருந்து நிற்கிறது. ஔவையார், வள்ளுவர், கம்பர், இளங்கோ, கால்டுவெல், போப், வீரமாமுனிவர் என்று வரிசையாக வருபவை 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்தவை. கண்ணகி சிலையும் அப்போது வந்ததுதான். 2001இல் அதை அகற்றினார்கள், 2006இல் திரும்ப வைத்தார்கள்.

தங்க இடம்

பல்கலைக்கழக விடுதி கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காத ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள்தான் பழைய வழி. ஒரு கட்டில், ஒரு மேசை, வராந்தாவின் கோடியில் பொதுக் குளியலறை. தேர்வுக்குப் படிப்பவர்கள், வேலை தேடுபவர்கள், ஓய்வு பெற்றும் ஊருக்குத் திரும்பாதவர்கள் என்று எல்லா வயதிலும் ஆட்கள் இருப்பார்கள். என் பக்கத்து அறையில் மூன்றாவது முறையாக குரூப் ஒன் எழுதிய அண்ணன் ஒருவர் இருந்தார். எந்தக் கடையில் எது மலிவு என்பது முதல் எந்த மருத்துவரிடம் போகலாம் என்பது வரை அவரிடம்தான் கற்றேன்.

மேன்ஷன் பார்க்கப் போகும்போது காலை ஏழு மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில்தான் குளியலறைக்கு வரிசை எவ்வளவு, குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது என்று தெரியும். ஜன்னல் இருக்கிறதா, அது எதைப் பார்த்துத் திறக்கிறது என்று பாருங்கள். ஏப்ரல், மே மாதத்தில் காற்றில்லாத அறையில் தூங்க முடியாது. குடிதண்ணீருக்குக் கேன் நீங்கள் வாங்க வேண்டுமா, மின்கட்டணம் வாடகையில் சேர்ந்ததா, காலி செய்ய எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்பணத்துக்குக் கட்டாயம் ரசீது வாங்குங்கள். முதல் மேன்ஷனில் நான் ரசீது கேட்கக் கூச்சப்பட்டேன். காலி செய்தபோது பாதிப் பணம்தான் திரும்பி வந்தது. கேட்பதற்கு என் கையில் எதுவும் இல்லை.

பெண்களுக்கு மேன்ஷன் கிடையாது. திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை, மயிலாப்பூர் பகுதிகளில் மகளிர் விடுதிகளும் பேயிங் கெஸ்ட் வீடுகளும் உண்டு. துறையில் படிக்கும் மூத்த மாணவிகளிடம் விசாரித்துவிட்டுப் போவதுதான் பாதுகாப்பு. விளம்பரத்தை மட்டும் நம்பி, இடத்தைப் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம். வாசல் மூடும் நேரத்தைக் கேளுங்கள். நூலகத்திலிருந்து எட்டரை மணிக்குத் திரும்புபவருக்கு எட்டு மணிக்கு மூடும் விடுதி சரிவராது. நண்பர்கள் சேர்ந்து வீடு எடுப்பதானால், சில வீட்டுக்காரர்கள் சாப்பாட்டையும் சாதியையும் மதத்தையும் கேட்பார்கள். அது தவறுதான், ஆனாலும் நடக்கிறது. அப்படிக் கேட்கும் வீட்டில் பேச்சை நீட்டாமல் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

சாப்பாடு

திருவல்லிக்கேணியில் குறைந்த காசில் வயிறு நிறையும். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் 1948இலிருந்து இருக்கும் ரத்னா கஃபேயில் இட்லி கேட்டால் சாம்பாரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இட்லி முழுக ஊற்றி, அது ஊறிய பிறகு கரண்டியால் எடுத்துச் சாப்பிட வேண்டும். அக்பர் சாகிப் தெருவின் காசி விநாயகா மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டியிருக்கும், காத்திருக்கலாம். மீன் வேண்டுமென்றால் சேப்பாக்கத்திலேயே, மைதானத்துக்குப் பக்கத்துச் சந்தில் நாயர் மெஸ். மாசம் முழுக்க இப்படியே சாப்பிட்டால் கட்டுப்படியாகாது. சின்ன மெஸ் ஒன்றில் மாதக் கணக்கு வைத்துக்கொள்வதுதான் மாணவர்களுக்கு ஏற்றது. காய்கறி, பழம் வாங்க ஜாம்பஜார். மாலை ஏழுக்கு மேல் போனால் விலை இறங்கியிருக்கும்.

ரம்ஜான் மாதத்தில் இந்தப் பகுதியின் சாயங்காலமே வேறு. தெருவெங்கும் சமோசாவும் கட்லெட்டும் பழங்களும். பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி வாங்க மதம் பார்க்காமல் ஆட்கள் தூக்கோடு நிற்பார்கள்.

திருவல்லிக்கேணியை எப்படிப் பார்ப்பது

இந்தப் பகுதிக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். விடியற்காலையில் பார்த்தசாரதி கோயிலில் தொடங்குங்கள். ஊருக்குப் பெயர் கொடுத்த அல்லிக்கேணி, கோயிலுக்கு எதிரே இருக்கும் குளம்தான். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு கோயிலில் இருக்கிறது. பேயாழ்வாரும் திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். மூலவருக்கு மீசை உண்டு, பெருமாள் கோயில்களில் அரிதான காட்சி. உற்சவரின் முகத்தில் இருக்கும் தழும்புகள், அர்ச்சுனனுக்குத் தேரோட்டியபோது பீஷ்மரின் அம்புகள் பட்டவை என்பது ஐதீகம். கிழக்குப் பார்த்து வேங்கடகிருஷ்ணன், மேற்குப் பார்த்து நரசிம்மர் என்று முதுகோடு முதுகாக இரண்டு சன்னதிகள். வைகுண்ட ஏகாதசியன்று மட்டும், கூட்டம் பழகாதவர்கள் வேறு நாளுக்குத் தள்ளிப் போடுங்கள்.

வெளியே வந்து மாடவீதிகளைச் சுற்றிவிட்டு துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவுக்கு வாருங்கள். பாரதியார் இல்லம் அங்கேதான். பார்த்தசாரதி கோயில் யானையிடம் அடிபட்டு எழுந்தவர், சில மாதங்களில், 1921 செப்டம்பரில் அந்த வீட்டில் காலமானார். இப்போது அரசு நினைவில்லம். உள்ளே படங்களும் கையெழுத்துப் பிரதிகளும் இருக்கின்றன. நான் முதல்முறை போனபோது என்னைத் தவிர யாரும் இல்லை, வெளியே காய்கறி வண்டிக்காரர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து சற்று நடந்தால் அனுமந்தராயன் கோயில் தெரு. 1913இல் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்த காலத்தில் அவர் குடியிருந்த தெரு. அவர் பெயரிலான கணித உயர்கல்வி நிறுவனம் இன்று சேப்பாக்க வளாகத்தில் இயங்குகிறது. கணிதம் படிக்க வருகிறவர்கள் இந்தத் தெருவில் ஒருமுறையாவது நடக்க வேண்டும்.

பிற்பகலில் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்கு வாருங்கள். வாலாஜா பெரிய பள்ளிவாசல் 1795இல் கட்டியது. சாம்பல் நிறக் கருங்கல்லாலான கட்டடம், அதற்கு முன்னால் இருக்கும் அகன்ற வெட்டவெளி இந்த நெரிசலான பகுதியில் மூச்சு விட இடம் தருகிறது. தொழுகை நேரம் தவிர்த்து, அடக்கமான உடையில், கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். ரம்ஜானில் இங்கே நோன்பு திறக்க வருபவர்களுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் பல பத்தாண்டுகளாக உணவு கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். அதைப் பார்க்கவே ஒரு மாலை வரலாம்.

புத்தகம்

பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. பாடப்புத்தகம், போட்டித் தேர்வு நூல்கள், அடியில் தேடினால் நல்ல இலக்கிய நூல்களும் கிடைக்கும். முதலில் சொல்லும் விலைக்கு வாங்காதீர்கள், அதே சமயம் அடிமாட்டு விலைக்கும் இழுக்காதீர்கள். மறுபடி அதே கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும். வாங்கும் முன் நடுவில் பக்கம் விட்டுப்போயிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். படித்து முடித்ததை அங்கேயே விற்கவும் செய்யலாம். புதுப் புத்தகத்துக்கு அண்ணா சாலையில் 1844இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ்.

பல்கலைக்கழக நூலகத்தில் முதல் வாரமே உறுப்பினராகிவிடுங்கள். அது போதாதபோது எழும்பூர் கன்னிமாரா, 1896இல் திறந்தது. அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை விடுமுறை. சோழர் செப்புத் திருமேனிகளை அங்கே நின்று நிதானமாகப் பாருங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குச் சேப்பாக்கத்திலிருந்து பறக்கும் ரயிலிலேயே போய்விடலாம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் அங்கே இடம் உண்டு, ஏசியும் உண்டு. கோடையில் மேன்ஷன்வாசிகள் பலருக்கும் பகல் அங்கேதான் கழியும்.

கடற்கரை

மெரினாவுக்கு மாலையில் எல்லோரும் வருவார்கள். நீங்கள் காலை ஐந்தரைக்குப் போங்கள். சூரியன் கடலிலிருந்து எழும், கட்டுமரங்களும் பைபர் படகுகளும் கரையேறும். தெற்கே நொச்சிக்குப்பம் வரை நடந்தால் அன்று பிடித்த மீன் விற்பனைக்கு வந்திருக்கும். அயோத்தியா குப்பம், நடுக்குப்பம், நொச்சிக்குப்பம் எல்லாம் தலைமுறை தலைமுறையாக மீனவர்கள் வாழும் ஊர்கள். வலை காய்வதும் படகு நிற்பதும் அவர்கள் வீட்டு முற்றம் மாதிரி. கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: மெரினாவில் குளிக்க இறங்காதீர்கள். கரையிலிருந்து சட்டென்று ஆழமாகிவிடும், அலை திரும்பும்போது இழுக்கும் வேகத்துக்கு நீச்சல் தெரிந்தவர்களே ஈடுகொடுக்க முடிவதில்லை. இங்கே மூழ்கிப் போனவர்களில் நிறையப் பேர் நண்பர்களோடு வந்த மாணவர்கள். கணுக்கால் நனைந்தால் போதும்.

கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் என்று எல்லோரும் சொல்லும் விவேகானந்தர் இல்லம், 1842இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார். அதன் எதிரே மணலில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022இல் அமைத்த மரப்பாதை இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர்களும் அலைக்குப் பக்கத்தில் போகலாம். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்தால் அங்கே கூட்டிப் போங்கள். மாலையில் சுண்டல், மிளகாய் பஜ்ஜி, சுட்ட சோளம். பஜ்ஜி சட்டியில் எண்ணெயின் நிறத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இரவு வெகுநேரம் மணலில் உட்கார்ந்திருந்தால் போலீஸார் கிளம்பச் சொல்வார்கள்.

சற்றுத் தள்ளி

லேப்டாப் பழுது, சார்ஜர், பழைய மானிட்டர் என்றால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள், பில் இல்லாமல் வாங்காதீர்கள். சினிமா, துணி என்றால் ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ. பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கினால் கபாலீசுவரர் கோயில், பங்குனியில் அறுபத்துமூவர் விழாவுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வடக்கே கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் புனித ஜார்ஜ் கோட்டை, உள்ளே 1680ஆம் ஆண்டின் புனித மரியாள் தேவாலயம். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். புத்தகக் காட்சி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும்போது மெட்ரோவில் நந்தனத்திலேயே இறங்கலாம்.

சில நடைமுறை விஷயங்கள்

உடம்புக்கு முடியாவிட்டால் ராயப்பேட்டை அரசு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் திருவல்லிக்கேணியிலேயே கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை, ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்று சொன்னால் போதும். இரண்டையும் ஆரோக்கியமாக இருக்கும்போதே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சேப்பாக்கம் மைதானத்தில் கிரிக்கெட் இருக்கும் நாளில் வாலாஜா சாலையும் பெல்ஸ் ரோடும் பிற்பகலிலிருந்தே அடைபட்டுவிடும். அன்று வண்டியை எடுக்காதீர்கள், எல்லா இடத்துக்கும் நடந்தே போங்கள். கோடையில் கடல்காற்று மதியத்துக்கு மேல்தான் வரும். அதனால் பதினொன்று முதல் இரண்டு மணி வரை வெளிவேலை வைத்துக்கொள்ள வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள். தரைத்தள அறையாக இருந்தால், போன மழைக்கு எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பக்கத்து டீக்கடையில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.